வாடகை வீட்டுக்கு விதி எழுதுவதற்கு முன்: முதல் தடவை வீடு விடும் நாகர்கோவில்காரர் ஒருவருக்கு

கேள்வி இதுதான். பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், நாகர்கோவிலில் தான் குடியிருக்கும் வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்டியிருக்கிறார். தக்கலைப் பக்கம் அப்பா காலத்து ஓட்டு வீடு ஒன்றும் பூட்டிக் கிடக்கிறது. இரண்டையும் வாடகைக்கு விடப் போகிறார். வருகிறவர்களுக்காக ஒரு பக்கம் நிறைய விதி எழுதி வைத்திருக்கிறார். பத்து மாத அட்வான்ஸ், கரண்ட் யூனிட்டுக்குப் பத்து ரூபாய், இரவு ஒன்பதரைக்கு கேட் பூட்டப்படும், விருந்தாளி இரவு தங்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மீன் கழுவக் கூடாது, எப்போது கேட்டாலும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், இப்படிப் போகிறது. இதில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று கேட்கிறார்.

பாதிக்கு மேல் எடுத்துவிடலாம் என்பது என் பதில். மீதியை இன்னும் விவரமாக எழுத வேண்டும். நான் விதி எழுதும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இதை அவர் மீறினால் நான் என்ன செய்வேன்? விடை இல்லாத விதி வெறும் மிரட்டல்தான். இரண்டாம் மாதமே அது செல்லாது என்று குடியிருப்பவருக்குத் தெரிந்துவிடும், அதோடு சேர்ந்து நல்ல விதிக்கும் மரியாதை போய்விடும். கூரை, தண்ணீர், கரண்ட், கழிவு, பணம் இந்த ஐந்தையும் காப்பாற்றுகிற விதி வேண்டும். அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார், யார் வந்து தங்குகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டுச் சுவருக்கு எந்தச் சேதமும் செய்வதில்லை.

முதலில் சட்டம். 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு இதில் இடமில்லை, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. இரண்டு பேரின் அடையாள அட்டையும் ஒப்பந்தமும் ஏற்றினால் ஒரு பதிவு எண் கிடைக்கும். நம் பக்கத்தில் பலர் ஒரு முத்திரைப் பத்திரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்ததோடு விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை வந்து நீதிமன்றத்தில் போய் நிற்கிற அன்றுதான் பதிவில்லாத காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று தெரிகிறது. பதினொரு மாதம் என்று எழுதுகிற பழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினொரு மாதம்தானே என்று அதை விட்டுவிட முடியாது.

இந்தப் பதினொரு மாதத்தைக் கணக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒப்பந்தம் ஜூன் 1இல் தொடங்கினால் ஏப்ரல் 30இல் முடியும். பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் உள்ள குடும்பம் வீடு மாறுவதென்றால் அப்போதுதான் மாறும். நமக்கோ தென்மேற்கு மழை ஜூனில் தொடங்கிவிடும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. தமிழ்நாட்டில் மற்ற பல மாவட்டங்களுக்கு ஒரு மழைதான் பெரிது, நமக்கு இரண்டும் உண்டு. ஓடு மாற்றவும், மொட்டைமாடி விரிசலுக்குப் பூசவும், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கவும் மே மாதம் வீடு காலியாகக் கையில் இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. அதே ஆள் தொடர்ந்து இருந்தாலும், புது ஒப்பந்தம் போடுவதற்கு முன் அந்த மாதத்தில் வேலைக்கு ஆள் வருவார்கள் என்று சொல்லி வைக்கலாம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சட்டம் பொதுவாகச் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்டால் நல்ல ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து மாடிக்கு டைல்ஸ் போட்டுவிடுவீர்கள். அவர் காலி செய்யும்போது உங்கள் கையில் பணம் இருக்காது. அடுத்த ஆள் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்ப வேண்டியிருக்கும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட வேண்டும். ஆகவே மூன்று மாதம் வாங்குங்கள், அதைத் தனியாக ஒரு வைப்பில் போட்டு வையுங்கள், தொடாதீர்கள்.

தக்கலை வீட்டை ஒற்றிக்கு விடலாமா என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பார்கள், கேட்காவிட்டாலும் கேட்பார்கள். பெரிய தொகை மொத்தமாக வரும், மாத வாடகை கிடையாது, முடியும்போது தொகையைத் திருப்ப வேண்டும். மகளுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன் என்று உடனடித் தேவை இருப்பவர்கள் செய்கிறார்கள். உங்களுக்கு அப்படி அவசரம் இல்லையென்றால் வேண்டாம். திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் வீடு உங்களுடையது என்பது பெயரளவில்தான். அப்படியும் ஒற்றிக்குத்தான் விடுவேன் என்றால், பதிவு செய்த பத்திரம் இல்லாமல் விடாதீர்கள்.

வாடகைத் தேதி ஐந்தாம் தேதி என்று எழுதுங்கள், பத்தாம் தேதி வரை பொறுங்கள். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், கையில் வாங்கினால் ரசீது கொடுங்கள். ரசீது குடியிருப்பவரின் உரிமை. எரிச்சலில் "வாடகையே வேண்டாம், வீட்டைக் காலி பண்ணு" என்று வாங்க மறுக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். வருடத்துக்கு எவ்வளவு கூட்டுவீர்கள் என்பதையும் முதல் நாளே எண்ணாக எழுதிவிடுங்கள். நூற்றுக்கு ஐந்து என்றால் ஐந்து. "அப்போதைய மார்க்கெட் நிலவரப்படி" என்று எழுதினால் ஒவ்வொரு மே மாதமும் சண்டைதான்.

கரண்ட். உங்கள் பட்டியலில் எனக்குப் பிடிக்காத வரி இதுதான். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்பது எங்கிருந்து வந்தது? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை வந்து உட்கார்ந்துவிடும். ஒரே இணைப்பில் கீழ் வீடும் மேல் வீடும் ஓடினால், தனித்தனியாக 300 யூனிட் செலவழிக்கிற இரண்டு குடும்பமும் சேர்ந்து 600க்குப் போய்விடும். அந்தக் கூடுதல் யாருடையது என்பதில்தான் சப்-மீட்டர் சண்டை எல்லாம் தொடங்குகிறது. மாடிக்குத் தனி வழி, தனி சமையலறை இருக்கிறது என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ஆரம்பத்தில் செலவுதான். ஆனால் அவர் பில்லை அவர் கட்டுவார், அவருடைய இலவச 100 யூனிட் அவருக்கே போகும், நீங்கள் அந்தப் பேச்சிலிருந்தே விலகிவிடலாம். அதுவரைக்கும் சப்-மீட்டர் என்றால், இபி பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்து வாங்குங்கள். கரண்டில் லாபம் பார்க்கும் வீட்டுக்காரர் என்று தெருவில் பெயர் வாங்குவதற்குப் பதில் வாடகையிலேயே ஐந்நூறு கூட்டிக் கேட்டுவிடலாம், அதில் மரியாதை குறையாது.

அந்த இணைப்பில் வீட்டு உபயோகம் தவிர வேறெதுவும் நடக்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். மாடியில் தையல் மெஷின் நாலு போட்டு ஆள் வைத்து நடத்தினாலோ, கேக் அடுப்பு வைத்து வியாபாரம் செய்தாலோ, கட்டண வகை மாறும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் அபராத நோட்டீசும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

தண்ணீருக்கு நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வந்தாலும், கோடையில் நம்புவது கிணற்றைத்தான். மோட்டார் ஒன்று, டேங்க் இரண்டு என்றால் யார் சுவிட்ச் போடுவது என்பதை எழுதி வையுங்கள். மேல் வீட்டு அக்கா போட்டுவிட்டு மறந்து, டேங்க் நிரம்பி மாடிப்படி வழியே வழிந்து, கீழே உங்கள் மனைவி சத்தம் போடுகிற காட்சி ஏப்ரல் மாதம் வாரம் ஒருமுறை நடக்கும். மிதவை சுவிட்ச் போட்ட தானியங்கி அமைப்பு வாங்கி மாட்டிவிட்டால் இதற்கு விதியே தேவையில்லை. கருவி தீர்த்துவைக்கிற விஷயத்துக்கு விதி எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். செப்டிக் டேங்குக்கு மட்டும் கருவி கிடையாது. நாப்கின், டயபர், சமையல் எண்ணெய் போடக் கூடாது என்பதை முதல் நாளே வாயால் சொல்லுங்கள், காகிதத்திலும் எழுதுங்கள். அடைப்பு எடுக்கும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி தென்னை. உங்கள் பட்டியலில் இது இல்லை என்பது ஆச்சரியம்தான். தக்கலை வீட்டில் மரம் இல்லாமல் இருக்காது. சென்னைக்காரர் எழுதிய மாதிரி ஒப்பந்தத்தை நகல் எடுத்தால் அதில் தேங்காயைப் பற்றி ஒன்றும் இருக்காது. நம் மாவட்டத்திலோ வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் முகம் கோணுவதற்கு முதல் காரணம் அதுதான். மரத்துக் காய் யாருக்கு? விழுந்த காய் யாருக்கு? மட்டையும் ஓலையும் யார் எடுப்பது? வெட்டுக்காரர் வருகிற அன்று முற்றத்தில் யார் இருப்பது?

நான் பார்த்ததில் ஒழுங்காக ஓடுகிற ஏற்பாடு இது. மரமும் காயும் வீட்டுக்காரருக்கு. தானாக விழுகிற காய், மட்டை, ஓலை எல்லாம் குடியிருப்பவருக்கு. ஒவ்வொரு வெட்டிலும் அவர் வீட்டுச் சமையலுக்கென்று சில காய் கொடுத்துவிடுவது. கணக்குப் பார்த்தால் சின்னத் தொகைதான், ஆனால் அந்த வீட்டில் திருட்டு என்ற பேச்சே வராது. வெட்டுக்காரர் வருவதை முந்தின நாள் சொல்ல வேண்டும். கொடியில் துணி கிடக்கும், மரத்தடியில் பைக் நிற்கும், குழந்தை விளையாடும். சொல்லாமல் ஏறி, ஒரு குலை தவறி ஸ்கூட்டர் முகப்பில் விழுந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அப்படித்தான் எழுத வேண்டும். மறுபக்கம், மரத்தடியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று சொல்லி, வேறு இடம் காட்டி, அதற்கு மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுக் கொடுத்த பிறகும் அவர் மரத்தடியில் நிறுத்தினால் அது அவர் பாடு. சக்கை (பலா), மாங்காய், முருங்கைக்குக் காகிதம் வேண்டாம். சக்கையை ஒரு குடும்பம் தனியாகத் தின்று முடிக்கவா முடியும்?

ரிப்பேர் யாருடையது என்பதைச் சட்டமே ஒரு அட்டவணையில் பிரித்துக் கொடுத்திருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை அதுதான் கணக்கு. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், வாஷ் பேசின், கீசர் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை சுத்தம் குடியிருப்பவருக்கு. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா, அதை வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கடைசி நாள் பிடித்தால் அவர் கேட்பது நியாயம்தான்.

ஒழுக்கு மட்டும் உங்கள் பொறுப்பு, அதில் பேச்சே இல்லை. புது மாடியில் ஒழுகினால் நூற்றுக்குத் தொண்ணூறு நேரம் கான்கிரீட் காரணமாக இருக்காது. மொட்டைமாடியின் மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையைக் குனிந்து பாருங்கள். தென்னம்பூ, சருகு, பாசி எல்லாம் சேர்ந்து கஞ்சிபோல் அடைத்திருக்கும். தண்ணீர் நான்கு நாள் தேங்கினால் எந்தச் சுவரும் ஈரம் இழுக்கும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் அதைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டில் ஒரு விதி கறாராக இருக்கட்டும்: கூரையில் யாரும் ஏறக் கூடாது. பந்து எடுக்க ஏறும் பையன், டிஷ் மாட்ட ஏறும் ஆள், இரண்டு பேரும் இறங்கும்போது நாலு ஓடு கீறியிருக்கும். அது ஜூன் மாதம்தான் தெரியும். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான கழுக்கோலில் கரையான் ஏறியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன், என்ன காரணம், எத்தனை மணி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அவர்கள் இல்லாதபோது திறந்து பார்ப்பது கூடாது. மாடிதானே, நம் வீடுதானே என்ற நினைப்பு கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு எளிதில் போகாது. அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். அதைவிட முக்கியம், வாடகை பாக்கி என்றாலும் சண்டை என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. சட்டம் அதை நேரடியாகத் தடுக்கிறது. மோட்டார் சுவிட்சைப் பூட்டிவிட்டால் அன்றிலிருந்து குற்றவாளி நீங்கள்தான்.

மீன் விஷயம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று துறைமுகம் துறைமுகமாக இருக்கும் மாவட்டத்தில் "மீன் கழுவக் கூடாது" என்று எழுதி மாடியை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? காலையில் டூவீலரில் சாளையும் நெத்தோலியும் வாசலுக்கே வருகிறது. உங்கள் பிரச்சினை மீன் இல்லை, செதில் போய்க் குழாயில் அடைப்பதும், கழிவை மதிலுக்கு அந்தப் பக்கம் எறிவதும்தான். பின்பக்கம் ஒரு குழாய், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் பலகை, வடிகாலில் ஒரு வலை. மீன் அங்கேதான் கழுவ வேண்டும், கழிவைத் தென்னை மூட்டில் குழி வெட்டி மூட வேண்டும். இப்படி எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மரத்துக்கும் உரம். சைவம் மட்டும்தான் வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். குடிவந்த பிறகு சமையலறையை மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பது அசிங்கம்.

ஒன்பதரைக்கு கேட் பூட்டு என்பதை எடுத்துவிட்டு ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் இரவு ரயிலில் வருகிறவர், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், இவர்கள்தான் மாதா மாதம் ஒழுங்காக வாடகை தருகிறவர்கள். அவர்களை மணிக்கணக்கு சொல்லி விரட்டாதீர்கள். கடைசியாக வருகிறவர் கேட்டைப் பூட்ட வேண்டும், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, அவ்வளவு போதும். விருந்தாளியைத் தடுப்பதும் அப்படித்தான். அம்மா அப்பா வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன? ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் தொடர்ந்து குடியிருக்கத் தொடங்குவதையும், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதையும்தான் தடுக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை எழுத வேண்டும். சபரிமலை சீசனில் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை ஒரு நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் யாரையாவது தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் தங்கவைத்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதேபோல், வேலை பார்க்கும் பெண்களுக்கு அறை அறையாகப் பிரித்து விடுதிபோல் நடத்த யாராவது மொத்தமாக மாடியைக் கேட்டால், பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். அதைக் காட்டினால் மட்டும் பேசுங்கள்.

ஆணி. கூடாது என்றால் சாமி படமும் இயேசு படமும் எதில் தொங்கும்? ஒவ்வொரு அறையிலும் நீங்களே இரண்டு ஆணி அடித்துக் கொடுத்துவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சாதியையும் மதத்தையும் கேட்டுத்தான் வீடு தருவேன் என்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கோயில் மணியும் சர்ச் மணியும் ஒரே தெருவில் கேட்கும் மாவட்டம் இது. அதைக் கேட்பதால் வாடகை நேரத்துக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வேலை எங்கே, முன்பு எந்த வீட்டில் இருந்தார், ஏன் காலி செய்தார், அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர், இந்த நாலும் போதும். முந்தின வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அவர் ரொம்பப் புகழ்ந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று இருப்பவராகவும் இருக்கலாம்.

வயதானவர் இருக்கும் குடும்பத்துக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் ஒரு சாவு நடந்துவிடுமோ என்ற பயம்தான். சொந்த விளை (தோட்டம்) உள்ளவர்களில் சிலர் அங்கேயே அடக்கமோ தகனமோ செய்துகொள்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது சர்ச் கல்லறைத் தோட்டம், பொது மயானம். அதற்கு முன் ஒரு ராத்திரி உடலை வீட்டில் வைத்து, முற்றத்தில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் வந்து போக வேண்டும். இதற்கு எதிராக ஒரு வரி எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு நாள் வந்தால் கேட்டை முழுசாகத் திறந்து வையுங்கள், பந்தல் லைட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுங்கள், நாற்காலி இருந்தால் எடுத்துப் போடுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று பொதுவாகவே கழித்துக்கொள்ளலாம், அதற்கு ரசீது காட்ட வேண்டாம். குடியிருப்பவர் சம்பளக்காரர், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது என்றால் உங்கள் பான் எண் கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் ஊர் திரும்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள், நல்லது. வீடு இன்னும் வளைகுடாவில் இருக்கும் தம்பி பெயரில் இருந்தால் கதை வேறு. வெளிநாடு வாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர், தொகை சிறியதானாலும் வரியைப் பிடித்தம் செய்து கட்டிவிட்டுத்தான் மீதியைக் கொடுக்க வேண்டும். இது பல குடியிருப்பவர்களுக்குத் தெரியாது, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தம்பிக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போடுவதென்றால் அவர் அங்கே தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டிவிட வேண்டும்.

கடைசியாக அந்தப் பதினைந்து நாள் வரி. "எப்போது கேட்டாலும்" என்று எழுதுவதில் பயனில்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் உள்ள காரணம் ஏதாவது வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாமல் இருப்பது, சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை. அப்போதும் நீங்கள் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. இரு தரப்பும் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அவருக்கு வேலை மாற்றம் வந்தாலும், உங்கள் மகன் குடும்பத்தோடு வந்தாலும் அது போதுமான நேரம்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாக நடந்து போனில் வீடியோ எடுங்கள். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை, குளியலறை டைல்ஸில் கீறல் இருக்கிறதா, இபி மீட்டரில் என்ன எண் என்று பேசிக்கொண்டே எடுங்கள். அதே வீடியோவை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தோடு தனியாக ஒரே ஒரு பக்கத்தில் மோட்டார், மீன் கழுவும் இடம், தேங்காய், கூரை, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்துமிடம் இவற்றை மட்டும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வாசலுக்கு ஒரு பிரதி, அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு பிரதி.